முதல் மடக்கில் தீர்ப்பு எழுதாதீர்கள்: கான்டியோன் பீரைச் சுவைப்பதும் அதைப் பற்றிப் பேசுவதும்

லாம்பிக் என்பது பெல்ஜியத்தில் காற்றில் இருக்கிற ஈஸ்ட்டைக் கொண்டே புளிக்கவிடுகிற பீர், அதன் முதல் மடக்கில் புளிப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. பழகியவர்களுக்கும் அப்படித்தான். அந்த அமிலத்துக்கு நாக்கு ஒத்துப்போக இரண்டு மூன்று மடக்கு ஆகும், அதற்குப் பிறகுதான் பழம், மரம், வைக்கோல் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். நம் ஆட்களில் பாதிப் பேர் முதல் மடக்கிலேயே முகத்தைச் சுளித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைக்கிறார்கள், மீதிப் பாதி எங்கேயோ படித்த வர்ணனையை அப்படியே ஒப்பிக்கிறார்கள். இரண்டிலும் பிரயோஜனம் இல்லை. நாலைந்து பேர் சேர்ந்து, ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, மூன்று பாட்டிலைத் திறந்து, குடித்ததைப் பற்றி உருப்படியாகப் பேசுவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

நான் எடுத்துக்கொண்டிருப்பது கான்டியோன். பிரஸ்ஸல்ஸில் அன்டர்லெக்ட் பகுதியில், மிடி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், வெளியிலிருந்து பார்த்தால் பழைய கிடங்கு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவீர்கள், அப்படி ஒரு சின்னக் குடும்ப ப்ரூவரி. 1900-ல் போல் கான்டியோன் என்பவர் தொடங்கியது. முதலில் மற்ற ப்ரூவரிகளிடம் லாம்பிக் வாங்கி, பீப்பாயில் பழுக்கவைத்து, கலந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். சொந்தமாகக் காய்ச்ச ஆரம்பித்தது 1930களின் கடைசியில்தான். அந்த வீட்டுக்கு மருமகனாக வந்த ழான்-பியர் வான் ராய் 1978-ல் கொப்பரை, பீப்பாய் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டு, கூஸ் (வெவ்வேறு வயசு லாம்பிக்குகளைக் கலந்த பீர்) அருங்காட்சியகம் என்று பெயர் வைத்தார். இனிப்பு சேர்த்த பீர் பக்கம் ஊரே சாய்ந்துகொண்டிருந்த காலம் அது, புளித்த பீரைக் கேட்பார் இல்லை. இப்போது அவருடைய மகன் ழான் வான் ராய் காய்ச்சுகிறார், அதே பாட்டிலுக்கு உலகம் முழுக்க ஆட்கள் அலைகிறார்கள்.

எப்படிக் காய்ச்சுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு உட்காருங்கள். இது பெருமைக்காகத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை. கோப்பையில் வருகிற ஒவ்வொரு வாசனைக்கும் காய்ச்சும் முறையில் ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் தெரிந்தால்தான் பேச்சு "பிடிச்சிருக்கு, பிடிக்கல" என்பதைத் தாண்டும்.

ஒரு தடவை காய்ச்ச சுமார் 1300 கிலோ தானியம் போகிறது. அதில் 65 சதவீதம் முளைகட்டிய பார்லி, 35 சதவீதம் முளைகட்டாத பச்சைக் கோதுமை. அதிலிருந்து கிடைக்கிற 10,000 லிட்டர் இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவைத்து 7500 லிட்டர் அளவுக்குச் சுண்டவைக்கிறார்கள். ஹாப்ஸ் என்றால் புதுசு இல்லை, இரண்டு மூன்று வருஷம் கிடப்பில் போட்டுக் கசப்பு போன பழைய ஹாப்ஸ். கசப்பும் பூ வாசனையும் இவர்களுக்கு வேண்டாம், கெட்ட பாக்டீரியாவை அடக்குகிற குணம் மட்டும் போதும். அப்புறம் அந்தக் கொதிக்கும் சாற்றை மாடிக்கு ஏற்றி, கூரைக்கு அடியில் இருக்கிற அகலமான, ஆழமில்லாத செம்புத் தொட்டியில் ஊற்றிவிட்டு, ராத்திரி முழுக்கத் திறந்தே விட்டுவிடுகிறார்கள். குளிர்காற்று உள்ளே வந்து சாற்றை ஆற்றுகிறது, காற்றிலும் கூரை மரத்திலும் இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதில் இறங்குகின்றன. யாரும் கையால் ஈஸ்ட் போடுவதில்லை. பனங்கள்ளில் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை அல்லவா, அதே கதைதான். என்ன, கள் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும், இதற்கு மூன்று வருஷம் ஆகிறது.

ராத்திரி குளிராக இருந்தால்தான் இது நடக்கும். அதனால் அக்டோபர் வாக்கில் தொடங்கி வசந்தம் வரைக்கும்தான் காய்ச்சுவார்கள். ராத்திரி வெப்பம் மைனஸ் 3 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருப்பது நல்லது என்பது வான் ராய் சொல்கிற கணக்கு. 2015 நவம்பரில் ராத்திரியெல்லாம் சூடாக இருந்ததால் காய்ச்சுவதையே நடுவில் நிறுத்திவைக்க வேண்டியதாகிவிட்டது. காய்ச்சலாமா வேண்டாமா என்று வானிலை அறிக்கையைப் பார்த்து முடிவு பண்ணுகிற தொழில் இது.

மறுநாள் காலை சாறு மரப் பீப்பாய்க்குப் போகிறது. முதல் சில வாரம் ஒரு கூட்டம் நுண்ணுயிர், அப்புறம் சில மாதம் சாதாரண ஈஸ்ட், வெயில் காலம் வந்ததும் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியா, கடைசியில் மெதுவாக, வருஷக்கணக்கில் வேலை பார்க்கும் பிரெட்டனோமைசஸ் என்கிற காட்டு ஈஸ்ட். இதில் ஒரு வகைக்கு பிரஸ்ஸல்ஸ் பெயரையே வைத்து ப்ருக்ஸெல்லென்சிஸ் என்கிறார்கள். வைக்கோல், தொழுவம், பழைய தோல் என்று நீங்கள் முகரப்போவதெல்லாம் பெரும்பாலும் இதன் கைங்கரியம்.

இப்போது பாட்டில் விஷயம்.

முதல் அமர்வுக்கு மூன்று பாட்டில் போதும், நான்கைத் தாண்ட வேண்டாம். நாலாவதுக்கு மேல் நாக்கு மரத்துப்போகும், அப்புறம் பேசுவதெல்லாம் வெறும் சத்தம்தான். கூஸ் ஒன்று கட்டாயம். ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம் பழுத்த லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைப்பதுதான் கூஸ். இளசு லாம்பிக்கில் மிச்சமிருக்கிற சர்க்கரை பாட்டிலுக்குள் திரும்பப் புளித்து நுரையைக் கொடுக்கிறது, கிழடு சுவையைக் கொடுக்கிறது. வெவ்வேறு பீப்பாய்களிலிருந்து எடுத்து ருசி பார்த்து எது எவ்வளவு சேர வேண்டும் என்று முடிவு பண்ணுவது வான் ராயின் நாக்குதான், எழுதிவைத்த அளவு கிடையாது, ஒரு பீப்பாய் மாதிரி இன்னொரு பீப்பாய் வராது.

கூஸுக்கு முன்னால் குடிக்க க்ரான் க்ரூ ப்ரூக்செல்லா கிடைத்தால் விடாதீர்கள். மூன்று வருஷம் பழுத்த லாம்பிக், கலப்பு இல்லை, நுரையும் இல்லை. பீர் என்று சொல்லிக் கொடுத்தால் பலர் நம்பவே மாட்டார்கள், கேஸ் போன பீரைக் கொடுக்கிறாயே என்று சண்டைக்கு வருவார்கள், அதற்காகவே கொடுக்கலாம். இதைக் குடித்த பிறகு கூஸைக் குடித்தால், கலப்பதாலும் நுரையாலும் என்ன மாறுகிறது என்று யாரும் விளக்க வேண்டியதே இல்லை.

மூன்றாவது பழம் போட்டது. செர்ரி போட்ட கிரீக், லிட்டருக்குச் சுமார் 200 கிராம் பழம். அல்லது ராஸ்பெர்ரி போட்ட ரோஸே த காம்ப்ரினுஸ், அந்தப் பாட்டிலில் ஒட்டியிருக்கிற சீட்டில் ராஜாவின் மடியில் ஒரு பெண் ஆடையில்லாமல் உட்கார்ந்திருக்கிற படம் இருக்கும், 1986-ல் ரேமோன் கூமான்ஸ் வரைந்தது. ஆப்ரிகாட் போட்ட ஃபூஃபூன் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிடைத்தால் நல்லது, கிடைக்கவில்லை என்று மறுவிற்பனைக்காரனிடம் பத்து மடங்கு விலை கொடுக்காதீர்கள். அந்தக் காசுக்கு கூஸ் பாட்டில்களாக வாங்கி வைத்தால் இன்னும் நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

கோதுமை என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமா, ஈரிஸ் என்று ஒரு பாட்டில் இருக்கிறது. கோதுமையே சேர்க்காமல் பார்லியில் மட்டும் செய்து, புது ஹாப்ஸும் சேர்த்தது. கூஸுக்குப் பக்கத்தில் வைத்துக் குடித்தால் கசப்பு எங்கே நுழைகிறது என்பது பளிச்சென்று தெரியும். ஆனால் இது இரண்டாவது அமர்வுக்கான சமாச்சாரம்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், பழம் போட்டதைச் சேர்த்துவைக்காதீர்கள். வருஷம் ஆக ஆகப் பழ வாசனை மங்கி, அடியில் இருக்கிற லாம்பிக்தான் மேலே வரும். கிரீக்கை வாங்கின கையோடு குடியுங்கள். கூஸ் அப்படி இல்லை, இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் இருபது வருஷம்கூடத் தாங்கும். சீட்டில் பாட்டிலில் அடைத்த தேதியைப் பாருங்கள். வேறு வேறு வருஷத்துக் கூஸ் இரண்டு கிடைத்தால், தாளைச் சுற்றி மறைத்து, எது பழசு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு விளையாட்டுக்கே மாலை முழுதும் போய்விடும்.

அப்புறம், ஒப்பிட்டுப் பார்க்க வேறு வீட்டுப் பாட்டில் ஒன்று பக்கத்தில் இருப்பது நல்லது. லெம்பேக் ஊரில் செய்கிற பூன் கூஸ் விலையும் குறைவு, புளிப்பும் மென்மை. கான்டியோன் கொஞ்சம் முரட்டுப் பிள்ளை, எலுமிச்சை மாதிரி நேராக வெட்டும். இரண்டையும் அடுத்தடுத்துக் குடிக்காதவரைக்கும் "லாம்பிக் என்றாலே இப்படித்தான்" என்று நினைத்துக்கொண்டிருப்போம். லின்டெமான்ஸ் செய்கிற இனிப்பு கிரீக்கை மட்டுமே குடித்தவர்கள் கூட்டத்தில் இருந்தால், கான்டியோன் கிரீக்கில் சர்க்கரை சேர்ப்பதில்லை என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். செர்ரி சிரப்பை எதிர்பார்த்து வாயில் வைத்தவருக்கு அந்த முதல் மடக்கு அடி விழுந்த மாதிரி இருக்கும்.

திறப்பதும் ஊற்றுவதும்

ஐஸாகக் குளிரவைக்காதீர்கள். நம்ம ஊர் லாகர் குடித்துப் பழகிய கை தானாகவே ஃப்ரீசருக்குப் போகும், பிடித்து நிறுத்துங்கள். ரொம்பக் குளிர்ந்தால் வாசனை முழுக்க அடங்கிவிடும், புளிப்பு மட்டும் ஊசி மாதிரி நிற்கும். 12 முதல் 14 டிகிரி சரியாக இருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்தால் ஏறக்குறைய அந்தப் பதத்துக்கு வரும்.

அடியில் ஈஸ்ட் வண்டல் இருக்கும். பிரஸ்ஸல்ஸில் பாட்டிலைப் படுக்கவைத்தே சேமித்து, படுத்தவாக்கிலேயே ஒரு சின்னப் பிரம்புக் கூடையில் வைத்து மேஜைக்குக் கொண்டுவருவார்கள், கூடையோடு சாய்த்தே ஊற்றுவார்கள், வண்டல் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். கூடை இல்லையா, முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிடுங்கள்.

75 சென்டிலிட்டர் பாட்டிலில் மேலே சோடா மூடி, அதற்குக் கீழே கார்க் என்று இரண்டு தடுப்பு இருக்கும். முதல்முறை பார்க்கிறவர் சோடா மூடியை எடுத்துவிட்டு முழிப்பார். ஒயின் கார்க் திருகியைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். மூடியை எடுத்ததும் கார்க்கின் தலையில் கொஞ்சம் ஈரமோ தூசியோ இருக்கலாம், சுத்தமான துணியால் பாட்டில் வாயைத் துடையுங்கள். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தபடியே திருகியை இறக்கி, கடைசி அரை அங்குலத்தைக் கையால் மெதுவாக வெளியே விடுங்கள். உள்ளே நல்ல அழுத்தம் இருக்கும், நேராக நிறுத்தி வெடுக்கென்று இழுத்தால் கார்க் கூரையிலும் வண்டல் மேஜையிலும் இருக்கும். கார்க்கைத் தூக்கி எறியாதீர்கள், முகர்ந்து பாருங்கள். ஈரமான அட்டைப்பெட்டி வாசனை அடித்தால் கார்க் கெட்டது என்று அர்த்தம், அதற்கு ப்ரூவரியும் பொறுப்பில்லை, உங்கள் மூக்கும் பொறுப்பில்லை.

திறந்த பிறகு பாட்டிலை நிமிர்த்தாமல் எல்லாக் கோப்பைக்கும் ஒரே ஓட்டத்தில் ஊற்றுங்கள். ஊற்றி நிமிர்த்தி, மறுபடி ஊற்றி நிமிர்த்தினால் வண்டல் கலங்கிவிடும். ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 150 மில்லி வரும், தாராளம். கோப்பை விஷயத்தில் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம், வெள்ளை ஒயின் குடிக்கிற கிண்ணக் கோப்பை போதும். கடைசியாக பாட்டிலில் தங்குகிற கலங்கலை ஒரு சின்னக் கோப்பையில் தனியாக ஊற்றி, தெளிவாக இருப்பதையும் அதையும் மாற்றி மாற்றி ருசி பாருங்கள். கலங்கல் கொழகொழவென்று, ரொட்டி மாவு மாதிரி, புளிப்பு கொஞ்சம் மழுங்கி இருக்கும். சிலருக்கு அதுதான் பிடிக்கிறது.

முகர்வது, மடக்குவது

ஊற்றியவுடன் குடிக்காதீர்கள். முதலில் கோப்பையைச் சுழற்றாமல் ஒரு முறை முகருங்கள், அப்புறம் சுழற்றிவிட்டு ஒரு முறை. முதல் முகர்வில் எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள் மாதிரி லேசானவை வரும். சுழற்றிய பிறகு கனமானவை எழும்: வைக்கோல், நனைந்த சாக்கு, பழைய தோல் பை, சில பாட்டில்களில் அன்னாசி. பாலாடைக்கட்டி வாசனை லேசாக அடித்தால் பயப்படாதீர்கள், பழைய ஹாப்ஸ் அப்படித்தான் மணக்கும்.

முதல் மடக்கைப் பெரிதாக எடுத்து, வாய் முழுக்கச் சுற்றவிட்டு விழுங்குங்கள், அதைப் பற்றி எதுவும் யோசிக்க வேண்டாம், அது நாக்கைப் பழக்குவதற்கான கப்பம். அரை நிமிஷம் விட்டு இரண்டாவது. இப்போது புளிப்பு எந்த வகை என்று பாருங்கள், இந்த பீரில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. லாக்டிக் புளிப்பு மோர்த்தெளிவு மாதிரி உருண்டையாக, வாயோடு நிற்கும், எச்சில் ஊறும். அசெட்டிக் புளிப்பு காடி, மூக்கில் ஏறும், தொண்டையில் லேசாகச் சுடும். நல்ல கான்டியோனில் முன்னது நிறையவும் பின்னது ஒரு கோடு மாதிரியும் இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது மடக்கில் விழுங்கிய பிறகு வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். வாயில் இருக்கும்போது தெரியாத வாசனை அப்போது வரும். உதடும் ஈறும் லேசாகப் பிடிக்கிற மாதிரி துவர்ப்பு தெரிந்தால் அதில் பீப்பாய்க்கும், பழம் போட்டதென்றால் பழத்தின் தோலுக்கும் கொட்டைக்கும் பங்கு உண்டு. பீப்பாய் பெரும்பாலும் ஒயின் வைத்துப் பழகிய பழைய மரம், அதனால் புது ஓக்கில் வருகிற வனிலா வாசனையைத் தேடாதீர்கள். அந்த மரம் இங்கே ருசி கொடுப்பதைவிட நுண்ணுயிருக்கு வீடாகவும், காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுகிற சல்லடையாகவும்தான் இருக்கிறது.

அப்புறம் கோப்பையில் கால்பங்கு மிச்சம் வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து அந்த மிச்சத்தைக் குடித்துப் பார்த்தால், சூடேறி, கேஸ் இறங்கி, வேறு பீர் மாதிரி இருக்கும். நிறையப் பேர் அப்போதுதான் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்கிறார்கள்.

மேஜையில் உப்பில்லாத ரொட்டி, தண்ணீர், இவை போதும். பிரஸ்ஸல்ஸ்காரர்கள் லாம்பிக்கோடு ரொட்டியில் மென்மையான வெள்ளைப் பாலாடைக்கட்டி தடவி, மேலே சிவப்பு முள்ளங்கியும் வெங்காயத்தாளும் நறுக்கிப் போட்டுச் சாப்பிடுவார்கள், அருமையாக இருக்கும், ஆனால் அதுவும் இரண்டாவது சுற்றுக்கு. மிக்சரையும் ஊறுகாயையும் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். காரமும் அமிலமும் சேர்ந்தால் நாக்கு எரிந்து, மிச்ச பாட்டிலெல்லாம் வீண். சுவைத்து முடித்த பிறகு வறுத்த மீன் வரட்டும், கூஸ் அதற்கு எலுமிச்சை பிழிந்த மாதிரியே வேலை செய்யும். வெறும் வயிற்றில் உட்காராதீர்கள், அமிலம் கிள்ளும். முடிந்ததும் உடனே பல் தேய்க்கவும் வேண்டாம், புளிப்பில் நனைந்த பல்லைத் தேய்த்தால் பல்லின் மேல்பூச்சு தேயும்.

பேசுவது

எல்லாரும் தடுமாறுகிற இடம் இதுதான். கூட்டத்தில் ஒருவருக்கு விஷயம் தெரிந்திருக்கும், அவர் முதலில் வாயைத் திறந்து "கிரேப்ஃப்ரூட், குதிரைப் போர்வை" என்பார், அதற்குப் பிறகு எல்லார் மூக்கிலும் கிரேப்ஃப்ரூட்தான். குதிரைப் போர்வையை வாழ்நாளில் முகர்ந்து பார்த்திராத நாலு பேர் தலையாட்டுவார்கள். இதைத் தவிர்க்க ஒரே வழி, பேசுவதற்கு முன்னால் எழுதுவது. ஊற்றிய பிறகு ஐந்து நிமிஷம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஆளுக்கொரு தாள், மூக்கில் என்ன, வாயில் என்ன, விழுங்கிய பிறகு என்ன, மூன்றே வரி. பிறகு அனுபவம் குறைந்தவரிலிருந்து தொடங்கிப் படியுங்கள், தெரிந்தவர் கடைசியில்.

எங்கள் கூட்டத்தில் பீர் பக்கமே வராத ஓர் அக்கா ஒருநாள் வந்து உட்கார்ந்தார். கூஸை முகர்ந்துவிட்டு அவர் எழுதியது: "கன்றுக்குட்டி கட்டியிருக்கிற இடம், ஆனா சாணி இல்ல, வைக்கோல் மட்டும்." எல்லாரும் சிரித்தார்கள், சிரித்துவிட்டு மறுபடி முகர்ந்தார்கள். ஒருவர், இல்லை, இது மாட்டின் வாசனையும்தான் என்றார், இன்னொருவர் கோப்பையைச் சுழற்றினால் மாடு, சுழற்றாவிட்டால் வைக்கோல் என்றார், அப்படியே போய் பிரெட்டனோமைசஸ் எவ்வளவு காலம் பீப்பாயில் இருந்திருக்கும் என்கிற பேச்சில் நின்றது. குதிரைப் போர்வை என்று புத்தகத்தில் எழுதியிருப்பதும் அதே வாசனையைத்தான். ஆனால் அக்கா சொன்னதை வைத்துத்தான் பேச முடிந்தது, ஏனென்றால் அந்த இடம் எல்லாருக்கும் தெரியும். நெல்லிக்காய், கிச்சிலி, நாவல்பழத் துவர்ப்பு, அரிநெல்லி, புளித்த மோர், ஈரமான மண் தரை, தேங்காய் நார், எது நினைவுக்கு வருகிறதோ அதைச் சொல்லுங்கள். ஒரே ஒரு நிபந்தனை, பொதுப்படையாக "பழ வாசனை" என்று நிறுத்தக் கூடாது. என்ன பழம், காயா, கனியா, அழுகலா, தோலா, சதையா என்று கேட்டுக்கொண்டே போங்கள்.

அடுத்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் "இது எங்கிருந்து வந்திருக்கும்" என்று ஒரு கேள்வி போடுங்கள். தானியமா, பழைய ஹாப்ஸா, பாக்டீரியாவா, காட்டு ஈஸ்ட்டா, மரமா, பழமா, வயசா? கிரீக்கில் பாதாம் வாசனை என்று யாராவது சொன்னால், செர்ரிப் பழத்தைக் கொட்டையோடுதான் பீப்பாயில் போடுகிறார்கள், அந்தக் கொட்டைதான் காரணம். கூஸில் தேன் மாதிரி, ஷெர்ரி என்கிற ஸ்பெயின் ஒயின் மாதிரி ஒரு வாசனை வந்தால் காற்று பட்டு வயசான அறிகுறி. இப்படிக் காரணத்தோடு பேச ஆரம்பித்தால் யார் மூக்கு பெரிசு என்கிற போட்டி தானாக அடங்கிவிடும். கருத்து வேறுபாடு வந்தால் வாதாடாதீர்கள், திரும்ப முகருங்கள்.

மதிப்பெண் போடாதீர்கள் என்பது என் கட்சி. ஐந்துக்கு நாலு என்று எழுதியவுடன் பேச்சு செத்துவிடுகிறது, அப்புறம் எண்ணைத்தான் காப்பாற்றிக்கொண்டிருப்போம். விலை, கிடைக்கிற கஷ்டம், யாரிடம் எத்தனை பாட்டில் இருக்கிறது என்கிற பேச்சையும் பாட்டில் காலியான பிறகு வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் முழு மாலையையும் அதுவே தின்றுவிடும்.

குறை சொல்லவும் கற்றுக்கொள்ளுங்கள். பெயர் பெற்ற ப்ரூவரி என்பதற்காக எல்லா பாட்டிலும் அமிர்தம் ஆகிவிடாது, வருஷத்துக்கு வருஷம், பீப்பாய்க்குப் பீப்பாய் மாறுகிற சரக்கு இது. நகப்பூச்சு வாசனை தூக்கலாக இருந்தால், காடிப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று தாராளமாகச் சொல்லலாம். எண்ணெய் மாதிரி இழையாக ஒழுகினால் அது ஒரு கட்டம், பெடியோகாக்கஸ் என்கிற பாக்டீரியா செய்கிற வேலை, பிரெட்டனோமைசஸ் நாளாவட்டத்தில் அதை உடைத்துச் சரி பண்ணும், அதே வகை பாட்டில் இன்னொன்று இருந்தால் சில மாதம் விட்டுப் பாருங்கள். விழுங்கிச் சில நொடி கழித்து, எலிப்பொந்து மாதிரியோ பழசான தானிய மாவு மாதிரியோ ஒரு சுவை நாக்கின் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டால் அது உண்மையான குறை. வேடிக்கை என்னவென்றால் இது எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரிவதில்லை, எச்சிலோடு கலந்து அமிலம் குறைந்த பிறகுதான் வெளியே வரும், மூக்கால் கண்டுபிடிக்கவும் முடியாது. ஒருவர் முகம் சுளிக்க, பக்கத்தில் இருப்பவர் "நல்லாத்தானே இருக்கு" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

நேரில் போக வாய்ப்பிருந்தால்

கோடையில் போனால் பீப்பாய்களைப் பார்க்கலாம், காய்ச்சுவதைப் பார்க்க முடியாது. காய்ச்சும் பருவத்தில் பொதுமக்களை அழைத்துக் காட்டுகிற நாள்களும் உண்டு, தேதியை முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாகவே சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் கோப்பையோடு உட்காரலாம். மாடிக்குப் போய் அந்தச் செம்புத் தொட்டியை நின்று பாருங்கள், கூரையையும் பாருங்கள். மூலை முடுக்கெல்லாம் சிலந்தி வலை இருக்கும். அது சோம்பேறித்தனம் இல்லை, பழமும் இனிப்பும் இருக்கிற இடத்தில் பூச்சி வரும், பூச்சியைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும், மருந்து அடித்தால் அவர்களுக்கு வேண்டிய நுண்ணுயிரும் போய்விடும். அதனால் வலையில் கை வைக்காதீர்கள்.

அங்கே கிடைத்தால் பாட்டிலுக்கு முன்னால் பீப்பாயிலிருந்து எடுத்த லாம்பிக்கைக் கேளுங்கள். அப்புறம் பாட்டில் வாங்குவதானால், வெளியே எளிதில் கிடைக்காததை அங்கேயே உட்கார்ந்து குடித்துவிடுங்கள், ஊருக்குக் கொண்டுபோக கூஸ் வாங்குங்கள். பெட்டியில் வைக்கும்போது ஒவ்வொரு பாட்டிலையும் துணியில் சுற்றி நடுவில் வையுங்கள், வீட்டுக்கு வந்ததும் குறைந்தது ஒரு வாரமாவது ஆடாமல் கிடக்கட்டும். விமானத்தில் குலுங்கி வந்த பாட்டிலை அன்றைக்கே திறந்தால் வண்டலும் நுரையும்தான் கிடைக்கும்.

திறந்ததில் மிஞ்சினால் இறுக்கமான மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் குடிக்கலாம், நுரை போயிருக்கும், சுவை பெரிதாகக் கெடாது. அதையும் தாண்டிவிட்டால் மட்டிச் சிப்பியை வேகவைக்க ஊற்றிவிடுங்கள், பிரஸ்ஸல்ஸிலும் அப்படிச் செய்கிறார்கள்.